களை மீன்

பச்சைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஏரிக்கரையில் மதகுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, ஓர் இரும்புப் பலகையின் இரண்டு கால்களையும் அதில் இறக்கி, ஜல்லி கொட்டி இடித்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் வெள்ளை எழுத்தில் நாலைந்து வரிகள். காலை வெயில் நேராக அதன்மேல் அடித்ததால் எழுத்து கண்ணைக் கூச வைத்தது.

அஞ்சலையக்கா என் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். அவர் இடுப்பில் ஊத்தா இருந்தது. மூங்கில் சிம்புகளைக் கூம்பாகக் கட்டிய, அடியும் மேலும் திறந்த கூடை அது. முழங்கால் தண்ணீரில் சேற்றோடு சேர்த்து அமுக்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு உள்ளே மாட்டிய மீனை எடுப்பார்கள்.

"இன்னா எழுதியிருக்குது பாப்பா? படி."

படித்தேன். "இந்த ஏரியில் ஊத்தா, தூண்டில், கைவலை கொண்டு மீன் பிடிப்பது தடை செய்யப்பட்டுள்ளது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

"அப்புறம்? கீழ இன்னும் ஒரு வரி இருக்குதே."

அந்த வரியை எனக்குள்ளேயே இரண்டு முறை படித்துவிட்டேன். சத்தமாகப் படிக்க வாய் வரவில்லை. குழி இடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்தான் நிமிர்ந்து பார்த்துப் படித்தார். "கல்லூரி ஆய்வின் பரிந்துரைப்படி. ஏரிக் குழு."

"ஆய்வுன்னா?"

"ஆராய்ச்சி."

அஞ்சலையக்கா பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஏரியில் ஆராய்ச்சி என்று அளவுகோலும் நோட்டுமாக அலைந்தவள் ஒருத்திதான்.

"ஒண்ணரை வருசமா எம்மீனத்தான அளந்துகினு இருந்த?" என்றார். "இதுக்குத்தானா?"

நெய்வேலியில் ஏது மீன்?

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் குவார்ட்டர்ஸ் தோட்டத்துக் குழாயைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "சுரங்கத்து ஊரில் பிறந்த நீங்கள் மீனைப் போய் ஏன் படித்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. என் அப்பாவும் அதைத்தான் கேட்டார்.

அப்பா சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். பெர்மனெண்ட். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் வீட்டின் அரிசி, பள்ளிக்கூடம், கிறிஸ்துமஸ் புதுத்துணி எல்லாம் அடங்கும். ஷிப்ட் முடிந்து வந்தால் காது மடல் வரைக்கும் சாம்பல் நிறத் தூசி. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது, மீன் உண்டு. சைக்கிளின் பின்சீட்டில் என்னை உட்கார வைத்து மந்தாரக்குப்பத்துக்கு மீன் வாங்கக் கூட்டிப்போவார். கடல் மீன் கடலூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார். ஓரத்தில் அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றி உயிரோடு வைத்திருக்கும் ஏரி மீன்தான் அவருக்கு வேண்டும். விரால் சட்டிக்குள் வளைந்து வளைந்து வாலை அடிக்கும். கெளுத்தி முள்ளை விறைத்துக்கொண்டு கிடக்கும்.

இதெல்லாம் எந்த ஏரி என்று கேட்பேன். "எல்லாம் நம்ம தண்ணிதான்" என்பார். சுரங்கத்தில் ஊறும் நீரை ராப்பகலாக வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; அது வாய்க்கால் பிடித்து ஓடி, சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போகும். மற்ற ஊர் ஏரி சித்திரையில் வெடித்துக் கிடக்கும்போது, இந்த ஏரிகளின் பள்ளங்களில் மட்டும் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் மீன் நிற்கும்.

விலங்கியல் முடித்து எம்.ஃபில். சேர்ந்தபோது, எந்தத் தலைப்பு என்று கேட்டார்கள். ஓர் ஏரியில் எத்தனை விதமான மீன் இருக்கிறது, எது குறைகிறது, எவ்வளவு பிடித்தால் அது மறுவருஷமும் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி அது. என் வயதுக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் கிளாஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஏரியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெண்கள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

அளந்துட்டுக் குடு

வாரத்தில் மூன்று நாள் போவேன். டவுன்ஷிப்பிலிருந்து சேத்தியாத்தோப்பு பஸ், அங்கே வாடகை சைக்கிள். அப்பா தேக்குப் பலகைத் துண்டில் சென்டிமீட்டர் கோடு கிழித்து, ஒரு முனையில் கட்டை அடித்துக் கொடுத்திருந்தார். மீனின் மூக்கைக் கட்டையில் முட்ட வைத்து, வால் எந்தக் கோட்டில் முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

அஞ்சலையக்காவுக்கு அப்போது நாற்பது இருக்கும். நிலம் கிடையாது. நடவும் அறுப்பும் இருக்கும் மாதங்களில் கூலிக்குப் போவார். இல்லாத மாதங்களில் ஊத்தாவோடு ஏரிக்கு. அந்தத் தெருவிலிருந்து இருபது பெண்கள் அப்படி வருவார்கள். பிடிப்பதில் பாதி வீட்டுக் குழம்புக்கு, பாதி பக்கத்துத் தெருக்களில் விற்க.

முதல் நாள் அவர் சட்டியை நான் கேட்டபோது முறைத்தார்.

"எடுத்துகினு போயிடுவியா?"

"இல்லக்கா. நீளம் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன்."

"நீளம் பாத்து? ஜாக்கெட்டா தெக்கப் போற?"

இருபது பேரும் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. நான் சைக்கிளை நிறுத்தும்போதே சட்டியை நீட்டிவிடுவார்கள். "சீக்கிரம் அளந்துட்டுக் குடு பாப்பா, புளி கரைச்சு வெச்சிட்டு வந்திருக்கேன்." பொய்யே இல்லாத தரவு என்று நான் இன்றும் அடித்துச் சொல்வேன். பிடித்த மீனை ஒளிக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஒரு கோடை முழுக்க அளந்ததில் ஒன்று தெளிவானது. ஊத்தாவில் பெரும்பாலும் வளர்ந்த மீன்தான் மாட்டுகிறது. சிம்புகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி. குஞ்சுகள் அதில் நழுவிப் போய்விடும். அதோடு, ஊத்தாவை முழங்கால் தண்ணீரில்தான் போட முடியும். ஆழத்து மீனை அது தொடாது.

குத்தகைக்காரர்

ஏரியைப் பார்த்துக்கொள்ளும் ஊர்ப் பெரியவர்களின் ஏரிக் குழுவிடமிருந்து மீன் குத்தகை எடுத்திருந்தவரைத் தனபால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்தாரக்குப்பத்தில் அவருக்கு மீன் கடை, இரண்டு மினி லாரி. என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். ஆழத்தில் வலை இழுக்கும்போது அவருடைய படகிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதையும் எழுத வேண்டும்.

கோடையில் ஒருநாள் காலை. தண்ணீர் வற்றி நின்ற பள்ளங்களைச் சுற்றி அவருடைய ஆட்கள் மூட்டை மூட்டையாக இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்தன. விரால், குறவை, கெளுத்தி, ஆரல், உளுவை, விரல் நீளக் கெண்டை, எல்லாம் வாயைப் பிளந்து, பக்கவாட்டில் சாய்ந்து, வட்டமடித்துச் செத்தன. கரை முழுக்க வெள்ளை வயிறு. மூன்று நாள் அந்தப் பக்கம் மூக்கை மூடாமல் நடக்க முடியவில்லை.

"எதுக்குண்ணே இப்பிடி?" என்றேன்.

"கட்லாக் குஞ்சும் ரோகுக் குஞ்சும் விடப் போறோம்மா. இதுங்க இருந்தா அதுங்களத் தின்னுடும். எல்லாம் களை மீனு. பயிர் வெக்கறதுக்கு முன்னாடி களை எடுக்கறதில்லையா?"

களை மீன். அவராகக் கண்டுபிடித்த சொல் இல்லை. என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. பரீட்சையில் அதற்கு இலக்கணம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். எழுதும்போது, இந்தக் களையைத்தான் யாரோ இரவுச் சோற்றுக்கு நம்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் நின்ற அஞ்சலையக்கா ஒரு செத்த விராலைக் குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டுக் கரையிறங்கிப் போனார்.

ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்தது. புதுத்தண்ணி ஏரிக்குள் இறங்கும் வாசனை பட்டதும் மீன்கள் வரத்து வாய்க்காலில் எதிரேறும். வயல்களின் ஆழமில்லாத தண்ணீரில் முட்டையிடப் போகும். தனபாலின் ஆட்கள் அந்த வாய்க்காலின் குறுக்கே கொசுவலையைக் கட்டிவிட்டார்கள். புண்ணாக்குக்குத் தப்பி அதில் மாட்டிய, நான் அளந்த பெண் மீன்கள் எல்லாம் வயிறு புடைத்திருந்தன. லேசாக அமுக்கினாலே முட்டை பிதுங்கி என் விரலில் ஒட்டியது. நோட்டை மூடிவைத்துவிட்டு அன்றைக்கு வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பத்தி ஒன்றானது

என் அறிக்கையில் சிக்கலே இல்லை. முதல் வெள்ளத்திலிருந்து நாற்பத்தைந்து நாள் வரத்து வாய்க்காலில் எந்த வலையும் கூடாது. கொசுவலை எப்போதும் கூடாது. புண்ணாக்கு கொட்டக் கூடாது. ஊத்தாவால் பாதிப்பில்லை, அது தொடரலாம். நாலே பரிந்துரை.

அட்டவணையில் ஊத்தாவுக்கு ஒரு பத்தி, வாய்க்கால் வலைக்கு ஒரு பத்தி, ஆழத்து வலைக்கு ஒரு பத்தி என்று மூன்று போட்டிருந்தேன்.

தட்டச்சாகி வந்த பிரதியில் இரண்டே பத்தி இருந்தது. ஊத்தாவும் வாய்க்கால் வலையும் சேர்ந்து "உள்ளூர் மக்களின் மீன்பிடிப்பு" ஆகியிருந்தன. கூட்டிப் பார்த்தால் முட்டை மீனைக் கொன்றவர்கள் அந்த இருபது பெண்கள்தான் என்று தோன்றும். ஓர் எண்கூடப் பொய் இல்லை. பரிந்துரையும் அதற்கேற்ப ஒன்றாகச் சுருங்கியிருந்தது: உள்ளூர் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்த வேண்டும்.

இதை எப்போது பார்த்தேன்? பலகையைப் பார்த்த அன்று மாலைதான். அதற்கு ஒரு மாதம் முன்பே அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் முதல் பக்கத்தைத் திருப்பி, "இங்க போடும்மா, ஏரிக் குழுவுக்கு இன்னைக்கே அனுப்பணும்" என்றார். போட்டேன். டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். எம்.ஃபில். முடிந்தால் கிடைத்துவிடும் என்ற அவசரம். படிக்கவில்லை. என் அறிக்கையை நானே படிக்கவில்லை.

மறுநாள் அவர் அறைக்குப் போனேன். அவர் பெயரையும் எழுதப் போவதில்லை. அவர்மேல் இரக்கப்பட்டு இல்லை. அவருடைய பேரப் பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யவில்லை.

"சார், ரெண்டு பத்தியைச் சேத்திருக்கீங்க."

"ஆமா. ரெண்டுமே ஊர்க்காரங்க பிடிக்கிறதுதானே?"

"வாய்க்கால் வலை தனபாலோடது சார்."

"கட்டின கூலியாளுங்க உள்ளூர்தானே?" சிரித்துக்கொண்டே சொன்னார். "மேரி, அவர் படகு குடுக்கலேன்னா உனக்கு ஆராய்ச்சியே கிடையாது. அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு ஸ்டூடண்ட்ஸ் அங்க போகணும். நான் உன் டேட்டாவுல கை வெச்சேனா? சொல்லு."

"அர்த்தத்துல கை வெச்சிருக்கீங்க."

சிரிப்பு நின்றது. "வைவா முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். அந்த மேஜைமேல் கண்ணாடிக் குடுவைக்குள் பார்மலினில் மிதந்த கெண்டையை எடுத்து அவர்மேல் எறிய வேண்டும்போல இருந்தது. இருபத்துநாலு வயதில் எறியவில்லை. இன்றாக இருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது.

வீட்டில் அப்பா, "விடும்மா, வேலை கெடைக்கட்டும். கையெழுத்து போட்டாச்சு, இனி என்ன பண்ண முடியும்?" என்றார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவர் திரும்பினார். "அந்தப் பொம்பளைங்க சட்டியத் தூக்கிக் குடுத்தாங்கல்ல இவகிட்ட? அதுக்கு யார் பதில் சொல்றது, நீங்களா?" என்றார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

குழுவின் முன்னால்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக் குழு ஆரம்பப் பள்ளியில் கூடியது. பூசைக்குப் போகாமல் பஸ் ஏறினேன். என் மூன்று நோட்டுகளையும் எடுத்துப் போயிருந்தேன். உள்ளே குழுத் தலைவர், தனபால், இன்னும் ஐந்தாறு பேர். வெளியே வேப்பமரத்தடியில் அஞ்சலையக்காவும் மற்ற பெண்களும் ஊத்தாவோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை உள்ளே கூப்பிடவில்லை.

நோட்டைப் பிரித்து வரிசையாகப் படித்தேன். எந்த நாள், எந்த வலை, என்ன மீன், வயிற்றில் முட்டை உண்டா இல்லையா. ஒரு வரிகூட விடவில்லை.

பத்து நிமிஷத்தில் தனபால் கையை உயர்த்தினார். "தங்கச்சி, இது நீங்க கையில எழுதின நோட்டு. அது கல்லூரி முத்திரை குத்தின அறிக்கை. அதுலயும் உங்க கையெழுத்துதான் இருக்குது. எத நாங்க நம்பறது?"

"நோட்டைத்தான். அறிக்கையைப் படிக்காமக் கையெழுத்துப் போட்டேன். என் தப்பு."

"படிக்காமக் கையெழுத்துப் போடறவங்க எழுதின நோட்ட மட்டும் எப்பிடிங்க நம்பறது?"

எல்லாரும் சிரித்தார்கள். முகம் எரிந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிந்தது.

வெளியிலிருந்து குரல் வந்தது. அஞ்சலையக்கா எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நோட்ட வுடுங்க. வாக்காலு குறுக்க வல கட்டினது யாருன்னு இந்த ஊர்ல இன்னா யாருக்குமே தெரியாதா? கண்ணு இருக்குதா இல்லியா ஒங்களுக்கு?"

தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் அவர் ஒரு முடிவு சொன்னார். "பொண்ணு மனசு கஷ்டப்படுது. பலகையில ஆய்வுன்னு போட்ட வரிய அழிச்சிடலாம்."

"தடை?"

"அது இருக்கட்டும்."

அன்று மதியமே ஒருவர் பெயிண்ட் டப்பாவோடு வந்து கடைசி வரியை மட்டும் பச்சையால் பூசிவிட்டுப் போனார். என் மனசாட்சிக்கு அவர்கள் போட்ட பெயிண்ட் அது. அதைப் பார்த்தபோதுதான், நான் பேசியதில் பாதி என் பெயரைக் காப்பாற்றத்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மறுவாரம் அந்த அறிக்கை அடங்கிய என் ஆய்வேட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று கல்லூரிக்குக் கடிதம் கொடுத்தேன். எம்.ஃபில். போயிற்று. அந்தப் பள்ளி வேலையும் போயிற்று. தனபாலின் ஆட்கள் ஏரிக்கரையில் பெண்களை விரட்டி, ஏழு ஊத்தாக்களைக் காலால் மிதித்து உடைத்தார்கள்.

நாற்பத்தைந்து நாள்

என் பரிந்துரை எண் ஒன்றை யாரும் செயல்படுத்தப் போவதில்லை என்று அஞ்சலையக்காவிடம் சொன்னேன். அது என்ன என்று கேட்டார். விளக்கினேன்.

"அவ்ளோதானா? வல கட்டக் கூடாது, அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

"மீன் புடிக்கத்தான தட போட்டிருக்குது. வாக்கால்ல நிக்கறதுக்குத் தட இல்லியே?"

அந்த வருஷத்து ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்த அன்று காலை, இருபது பெண்களும் வரத்து வாய்க்காலில் இறங்கி நின்றார்கள். முறை போட்டுக்கொண்டார்கள், விடிந்ததும் ஐந்து பேர், வெயில் ஏறியதும் ஐந்து பேர், பொழுது சாயும்வரை. பொழுது சாய்ந்தபின் ஆண்கள் கரையில் படுத்துக்கொண்டார்கள். நான் முடிந்த நாளெல்லாம் போய் நின்றேன். தொடை வரைக்கும் கலங்கல் தண்ணீர். மீன்கள் காலில் இடித்துக்கொண்டு மேலேறும்போது கூசும். யாரும் குனிந்து ஒன்றைக்கூட எடுக்கவில்லை. வீட்டில் குழம்புக்கு வழியில்லாத பெண்கள் அவர்கள்.

மூன்றாம் நாள் தனபால் வந்தார். "எந்தச் சட்டத்துல இங்க நிக்கறீங்க?"

"காலு அரிக்குது, தண்ணியில நிக்கறோம்" என்றார் அஞ்சலையக்கா. "நீ போயி வேற வேல பாரு."

போலீஸ் வந்தது, மீன் பிடிக்காமல் நிற்பவர்களை என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிப் போனது. வலை கட்டப்படவே இல்லை. இரண்டு பெண்களுக்குச் சேற்றுப்புண் வந்து விரலிடுக்கு வெந்துபோயிற்று. ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு சேத்தியாத்தோப்பில் ஊசி போட்டார்கள்.

பஜாரில்

மறு கோடையில் அம்மாவோடு மந்தாரக்குப்பம் போயிருந்தேன். தனபாலின் கடை வாசலில் அலுமினிய அண்டாக்கள் வரிசையாக இருந்தன. நான் சிறுவயதிலிருந்து அந்த பஜாரில் அத்தனை விரால் பார்த்ததில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன. மீசை நரைத்த ஓர் ஆள் தராசோடு நின்று கூவிக்கொண்டிருந்தார். "ஏரி விரால்! எங்க மொதலாளி குஞ்சு வுட்டு வளத்தது! வாங்க வாங்க!"

தடை அப்போதும் இருந்தது. அந்தப் பெண்கள் அப்போதும் ஒளிந்து ஒளிந்துதான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக் குழு அந்த வருஷம் தனபாலுக்குச் சால்வை போர்த்தியது, மீன் வளத்தைப் பெருக்கியதற்காக.

"அவர் விட்டது கட்லா, ரோகு" என்றேன்.

"இன்னாம்மா?"

"விரால் குஞ்சை அவர் விடலை. விரால் அவருக்குக் களை. புண்ணாக்கு ஊத்திக் கொன்னவர் அவர். இது தானா முட்டை போட்டு வந்தது. முட்டை போட விட்டது இருபது பொம்பளைங்க. கால் வெந்து நின்னாங்க."

பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்கூட்டரை நிறுத்தி ஒருவர், "எந்த ஊரு பொம்பளைங்க?" என்றார். தராசுக்காரர் சங்கடமாகச் சிரித்தார்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நான் கூலிக்கு விக்கறவன். மீனு வேணுமா வேணாமா, அத சொல்லுங்க."

அம்மா என் கையைப் பிடித்து இழுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"சொல்லு மேரி" என்றார். "எந்த ஊரு பொம்பளைங்கன்னு கேக்கறாங்க பாரு. சத்தமா சொல்லு."

சொன்னேன். இருபது பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தராசுக்காரர் அண்டாக்களை உள்ளே இழுத்து வைக்கும்வரை.